சின்ன மெசின் வந்து 62 மணித்தியாலம்

எங்கட புது மினி டிரக்டர், நாங்க மெசின் எண்டுதான் சொல்லுவம், அது எத்தனை மணித்தியாலம் ஓடினது எண்டு காட்டுற மீற்றர் இப்ப 62 காட்டுது. 62 மணித்தியாலம் பெரிய கணக்கு இல்லதான், ஆனா இந்த 62க்குள்ள புழுதியும் பார்த்தாச்சு சேத்துச் சுரியும் பார்த்தாச்சு, ஒருக்கா புதைஞ்சு எழும்பியும் ஆச்சு, முதல் ஒயிலும் மாத்தியாச்சு. மறந்து போறதுக்கு முதல் எழுதி வைப்பம் எண்டு இருந்திருக்கன், சின்ன மெசின் எடுக்கிறதா வேணாமா எண்டு யோசிச்சுக்கிட்டு இருக்கிற ஆக்கள் எங்கட பக்கம் நிறைய இருக்காங்க, அவங்களுக்கு உதவட்டும்.

மெசின் 24 குதிரை, மூண்டு சிலிண்டர் டீசல், நாலு சில்லும் இழுக்கும், முன்னுக்கு 9 கியர் பின்னுக்கு 3. கூட எடுத்தது நாலடி ரொட்டவேட்டர், பின்னால கொழுவினா கத்தி சுழண்டு மண்ணைக் கிண்டுற சாமான். எந்தக் கொம்பனி எண்டு எழுதல்ல, ஏனெண்டா நான் சொல்லப்போறது இந்த சைஸ்ல வாற எல்லா மெசினுக்கும் பொருந்தும்.

எங்கட வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரையில, வவுணதீவுப் பக்கம். மொத்தம் அஞ்சு ஏக்கர். ரெண்டு ஏக்கர் முன்மாரி மேடு, மழையை நம்பி விதைக்கிறது. மத்த மூண்டும் பள்ளம், உன்னிச்சைக் குளத்துத் தண்ணி வாற வாய்க்காலோட ஒட்டினது. அஞ்சு ஏக்கர் எண்டாலும் ஒரே வெளியாக் கிடக்கிற காணி இல்ல, அப்பப்பா காலத்துல இருந்து பங்கு பிரிஞ்சு பிரிஞ்சு இப்ப வரம்பு கட்டின துண்டு துண்டா 17 கண்டம், சிலது வீட்டு முத்தத்த விடக் கொஞ்சம் பெருசு அவ்வளவுதான். அதுக்குள்ள 45 குதிரை மெசின் இறங்கினா திரும்பவே இடம் இல்ல, திரும்பக்குள்ள வரம்பு உடையும், நாலு மூலையும் உழாமக் கிடக்கும், மறுகா ரெண்டு ஆள் மண்வெட்டியோட நிண்டு மூலை கொத்தணும். ஒவ்வொரு போகமும் இதுதான் கதை.

அதை விடப் பெரிய கரைச்சல் காத்திருக்கிறது. மழை விழுந்து மண் பதமா இருக்கிறது நாலு நாள் அஞ்சு நாள்தான், அந்த அஞ்சு நாளும் முழு வட்டைக்கும், வயல்வெளி முழுக்கவும், மெசின் தேவை. மெசின்காரர் முதல்ல முப்பது ஏக்கர் இருக்கிற ஆளிட்டத்தான் போவார், அது அவர்ர பிழைப்பு, அதைப் பிழை சொல்ல ஏலாது. எங்கட முறை வரக்குள்ள மண் ஒண்டில் இறுகிப் போயிருக்கும், இல்லாட்டி அடுத்த மழை வந்து சேறாப் போயிருக்கும். 2022ல டீசல் இல்லாம கேனைத் தூக்கிக்கிட்டு பெற்றோல் செட்டில இரவு பகலா நிண்ட காலத்துல அந்த முறையும் வரல்ல, ரெண்டு ஏக்கரை அப்பிடியே விட்டுட்டன். அண்டைக்கு மனசுல விழுந்த யோசனைதான் இது, காசு சேர்த்து மிச்சத்துக்கு லீசிங் போட்டு எடுக்க இவ்வளவு காலம் போயிட்டு.

பின்னால நடந்து ஓட்டுற ரெண்டு சில்லு லேண்ட்மாஸ்டர் எடுத்தா காணாதா எண்டு கேட்டவங்க இருக்காங்க. எடுத்திருக்கலாம், விலையும் குறைவு. ஆனா சுரிக்குள்ள லேண்ட்மாஸ்டருக்குப் பின்னால நாள் முழுக்க நடக்கிறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும், இருவது வருசம் நடந்த முழங்கால் இது, இனி ஏலாது.

மெசின் வந்த நாள் லொறி வலையிறவுப் பாலத்தால வந்து சேரக்குள்ள பின்னேரம் நாலு மணி. அதுக்கு முதல் டவுன்லயே மாமாங்கேஸ்வரர் கோயில்ல நிப்பாட்டி அர்ச்சனை செஞ்சு தேங்காய் உடைச்சுத்தான் கொண்டு வந்தம். இறக்கிறதுக்கு ரேம்ப் ஒண்டும் லொறியில இல்ல. பலகை போட்டு இறக்குவம் எண்டு லொறிக்காரத் தம்பி சொன்னார், நான் விடல்ல, வாய்க்கால் கட்டு லொறித் தட்டு மட்டத்துக்கு உயர்ந்து நிக்கிற இடம் ஒண்டு எங்களிட்ட இருக்கு, லொறியைப் பின்னுக்கு எடுத்து அந்தக் கட்டோட ஒட்டி வெச்சு அப்பிடியே ஓட்டி இறக்கினன். பலகை வழுக்கினா நாலு நிமிசத்துல எல்லாம் முடிஞ்சிடும், புது மெசின் வாங்கிற ஆக்கள் இறக்கிற இடத்தை முதல் நாளே பார்த்து வையுங்க.

மாமா, மனிசிட தகப்பன், நாப்பது வருசம் மெசி பெர்குசன் 135 ஓட்டின ஆள். பேர்கின்ஸ் எஞ்சின் சத்தத்தை வெச்சே எந்த சிலிண்டர்ல நோசில் பிழை எண்டு சொல்லுவார். மெசினைச் சுத்தி ஒரு வட்டம் வந்தார், முன் சில்லைக் காலால ஒரு தட்டுத் தட்டினார், "மகன், இதுக்குப் பாரம் இல்லையே, பாரம் இல்லாட்டி எப்பிடி இழுக்கும்?" எண்டு கேட்டார். அந்தக் கேள்வி 62 மணித்தியாலமும் என்னோடதான் வந்தது. நல்லதும் கெட்டதும் எல்லாம் அந்தப் பாரத்துலதான் கிடக்கு.

கொம்பனி தந்த புத்தகம் இங்கிலீசிலயும் இந்தியிலயும். தமிழ் ஒரு எழுத்தும் இல்ல, எங்கட நாட்டுக்கு விக்கிற சாமானுக்கு எங்கட பாசையில ஒரு தாள் அடிச்சுத் தாறது பெரிய வேலையா எண்டு எனக்கு உண்மையாக் கோபம் வந்தது. ஏஎல் படிக்கிற மகள்தான் ரெண்டு இரவு பக்கத்துல இருந்து வாசிச்சுச் சொன்னா, முக்கியமானதை நான் கொப்பியில தமிழ்ல எழுதினன். எந்த இடத்துல கிரீஸ், எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கா, எந்த ஒயில், சில்லு நட் எவ்வளவு இறுக்கம். அந்தக் கொப்பி இப்ப சீட்டுக்குக் கீழ பொலித்தீன் உறைக்குள்ள இருக்கு. சில்லு நட் விசயத்தைச் சும்மா விடாதீங்க, புது மெசின்ல முதல் நாள் ஓடினாப் பிறகு கட்டாயம் திருப்பி இறுக்கணும், எனக்குப் பின் வலது சில்லுல ரெண்டு நட் கால் சுத்து அளவுக்குத் தளர்ந்து இருந்தது.

இனி வேலைக்கு வாறன். முதல் வேலையே வயல்ல இல்ல, வீட்டு முத்தத்துல. ரொட்டவேட்டரை மெசின்ல கொழுவிற வேலை.

மெசினுக்குப் பின்னால ஏறி இறங்கிற மூண்டு கையிலயும் ரொட்டவேட்டரைப் பூட்டினது லேசு, அரை மணித்தியாலம். மறுகா எஞ்சின்ட சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் குடுக்கிற பிடிஓ சாப்ட்டை மாட்டப் போனா உள்ளுக்குப் போகுதில்ல, நீளம் கூட. கொண்டு வந்து தந்த ஃபிட்டர் தம்பி, கையை மேல தூக்கினா இடம் வரும் அண்ணன், தட்டி ஏத்திடுவம் எண்டு சுத்தியலை எடுத்தார். நான் நிப்பாட்டிட்டன். ஏனெண்டா மாமா முதல் நாளே ஒரு விசயம் சொல்லியிருந்தார், அவங்கட காலத்துல ஒராள் இப்பிடித் தட்டி ஏத்தி வயலுக்குப் போய், ஏத்தி இறக்கக்குள்ள சாப்ட் ரெண்டு பக்கமும் முட்டி மெசின்ட பிடிஓ பெயரிங்கை உடைச்சுப் போட்டாராம். சாப்ட் ஒண்டுக்குள்ள ஒண்டு போற குழாய்தானே, ரொட்டவேட்டரை ஏத்தி இறக்கக்குள்ள மெசினுக்கும் அதுக்கும் இடைவெளி கூடும் குறையும், குறைஞ்ச இடத்துல குழாய்க்கு மேல போக இடம் இல்லாட்டி அந்த அமத்தம் முழுக்க பெயரிங்குக்குத்தான் போகும். சின்ன மெசின்ல மெசினுக்கும் ரொட்டவேட்டருக்கும் இடையில இடமே கொஞ்சம், அதால கொம்பனி சாப்ட் அப்பிடியே பொருந்தாது, வெட்டித்தான் ஆகணும்.

நான் வெட்டின முறை இது. சாப்டை ரெண்டாக் கழட்டி ஒரு பாதியை மெசின் பக்கமும் மத்தப் பாதியை ரொட்டவேட்டர் பக்கமும் மாட்டி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி பிடிஓ போடாம ஹைட்ரோலிக்கை மட்டும் மெதுவா ஏத்தி இறக்கி, ரெண்டும் ஆகக் கிட்ட வாற இடம் எது எண்டு பார்க்கணும், அந்த இடத்துல எஞ்சினை நிப்பாட்டிப் போட்டுத்தான் கை வைக்கணும். ஒரு பாதிட நுனி மத்தப் பாதிட அடியில முட்டுற இடத்துல இருந்து ஒண்டரை இஞ்சி இடம் விட்டு சோக்கால கோடு போட்டன். எனக்கு ரெண்டரை இஞ்சி வெட்ட வேண்டி வந்தது. உள் குழாய்ல எவ்வளவோ வெளிக் குழாய்லயும் அவ்வளவு, மேல இருக்கிற பிளாஸ்டிக் கவர்லயும் அவ்வளவு, ஒண்டை மட்டும் வெட்டினா மத்தது முட்டும். கிரைண்டரால வெட்டின விளிம்புல பிசிறு நிக்கும், அதை அரத்தால சுத்தமா ராவி எடுத்து, உள்ளுக்க விழுந்த இரும்புத் தூளைத் துணியால துடைச்சு, கிரீஸ் பூசித்தான் போட்டன். ராவாமப் போட்டா குழாய் வழுக்கிப் போகாது, வெட்டினதுக்கே அர்த்தம் இல்ல. ஆக நீளமா இழுபடுற நிலையிலயும் ரெண்டு குழாயும் ஒண்டுக்குள்ள ஒண்டு மூண்டுல ஒரு பங்காவது இருக்கணும், இல்லாட்டி கழண்டு போய்ச் சுழட்டி அடிக்கும். அதையும் அளந்து பார்த்தன், காணும். திருப்பி மாட்டக்குள்ள குழாய்களிட நுனியில நிக்கிற உள்பக்கத்து ரெண்டு கவட்டையும் ஒரே நேருக்கு நிக்குதா எண்டும் பாருங்க, மாறி நிண்டா மெசின் முழுக்க நடுங்கும்.

இவ்வளவுக்கும் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அந்தப் பிளாஸ்டிக் கவரைச் சிலர் கரைச்சல் எண்டு கழட்டி எறிஞ்சு போடுறாங்க, அப்பிடிச் செய்யாதீங்க, சாறனோட வயல்ல நிக்கிற ஆக்கள் நாங்க, நிமிசத்துக்கு 540 தரம் சுத்துற சாமான்ல சாறன் நுனி பட்டா ஆளை விடாது.

சாப்டோட சேர்த்து கத்திகளையும் ஒவ்வொண்டாப் பார்த்தன், நல்லதாப் போச்சு. ரெண்டு கத்தி மாறிப் பூட்டிக் கிடந்தது, கூர் விளிம்பு முதல்ல மண்ணுல பட வேண்டிய இடத்துல முதுகுப் பக்கம் பட்டுக்கிட்டு இருந்திருக்கும், அந்தப் பக்கம் மட்டும் மண்ணுக்குள்ள இறங்காமத் துள்ளும். கழட்டி மாத்திப் போட்டன்.

புழுதி வேலை புரட்டாதியில முன்மாரி மேட்டுல தொடங்கினன். முதல் பத்து மணித்தியாலம் மெசினைப் பழக்கிற காலம் எண்டு கொப்பியில எழுதி வெச்சிருக்கு, முழுப் பாரம் குடுக்கக் கூடாது, அதே நேரம் சும்மா ஐடில்ல விட்டுக்கிட்டு நிக்கவும் கூடாது. அதால முதல் நாள் வீட்டு வளவுல சோளன் போடுற துண்டையும் கச்சான் போடுற துண்டையும் மேலால கிண்டினன். மணல் கலந்த மண், வெண்ணெய் மாதிரிப் போச்சு. சந்தோசத்துல மேட்டு வயல்ல இறங்கினா அது வேற கதை, கோடை முழுக்க மாடு நடந்து இறுகின மண், கத்தி மேலால துள்ளுது, மெசினை முன்னுக்குத் தள்ளுது. ஆழமா இறக்கிப் பார்த்தன், எஞ்சின் அமுங்கிச்சு. மறுகா யோசிச்சு ஆழத்தைப் பாதியாக் குறைச்சு, ரெண்டு பக்கச் சறுக்குக் கட்டையையும் இறக்கி, ஆகக் குறைஞ்ச கியர்ல ஒருக்கா மேலால கீறி விட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு குறுக்கால ரெண்டாம் தரம் போனன், அப்ப நாலு இஞ்சி இறங்கிச்சு. ஒரே தரத்துல முடிக்கப் பார்க்கிறது பெரிய மெசின்ட வேலை. பாரம் இல்லாத மெசினுக்கு ரெண்டு தரம் போற பொறுமை வேணும்.

கணக்குக்கு எழுதிறன், ரெண்டாம் தரம் போகக்குள்ள ஒரு ஏக்கருக்கு ஒரு மணித்தியாலம் 50 நிமிசம் பிடிச்சது, டீசல் அஞ்சரை லீற்றர். டேங்கை நிரப்பி, வேலை முடிச்சுத் திருப்பி நிரப்பிப் பார்த்த கணக்கு. மண்ணுக்கு மண் மாறும்.

அந்த மேட்டுலதான் என்ட நெஞ்சு நிண்டு போன சம்பவமும் நடந்தது. ஒரு கண்டத்துல இருந்து மற்றதுக்குப் போக வரம்பு ஏறினன், ஒண்டரை அடி உயரம் வரும். ரொட்டவேட்டரை முழுக்கத் தூக்கி வெச்சிருந்தன். முன் சில்லு வரம்பு ஏறி, பின் சில்லு ஏறத் தொடங்கக்குள்ள முன் பக்கம் அப்பிடியே மெதுவா மேல எழும்புது. ஸ்டேரிங் கையில லேசாப் போச்சு, முன்னால வயலைக் காணல்ல, வானந்தான் தெரியுது. கிளச்சை மிதிச்சன், மெசின் பின்னுக்கு வழுக்கி நாலு சில்லும் மண்ணுல வந்தது. கிளச்சுக்குக் கால் போகாம ஆக்சிலேட்டருக்குப் போயிருந்தா இண்டைக்கு இதை எழுத நான் இல்ல. பின்னுக்கு இருநூறு கிலோவுக்கு மேல தொங்குது, முன்னுக்கு எஞ்சின் மட்டுந்தான், மாமா சொன்ன பாரம் இல்லாத கதை இதுதான்.

அண்டைக்கே வேலையை நிப்பாட்டிட்டு டவுனுக்குப் போய் முன்னுக்குக் கொழுவிற இரும்புக் கட்டி நாலு வாங்கிப் போட்டன், விக்கிறவங்க அதை மெசினோட தந்திருக்கணும், கேட்டாத்தான் இருக்கு எண்டு சொல்றாங்க. அதோட வரம்பு ஏறிற பழக்கத்தையும் மாத்திட்டன். ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு இடத்துல வரம்பைச் சரிவா வெட்டி பாதை வெச்சிருக்கன், அப்பிடி வெட்ட ஏலாத இடத்துல பின்னுக்கால ஏறுறன், ரொட்டவேட்டர் பக்கம் முதல்ல மேல போனா முன் பக்கம் தூக்காது. ரொட்டவேட்டரையும் நிலத்துக்கு ஒரு அடிக்கு மேல தூக்கிறதில்ல. சீட்டுக்குப் பின்னால நிக்கிற இரும்பு வளைவை மடக்கி வைக்காதீங்க, மாமரத்துக்குக் கீழ போகக்குள்ள முட்டுது எண்டு மடக்கிப் போட்டு அப்பிடியே வயலுக்கு ஓடுறாங்க. கவிழ்ந்தா ஆளுக்கும் மண்ணுக்கும் இடையில இருக்கிறது அது ஒண்டுதான், அது நிமிர்ந்து நிக்கக்குள்ள பெல்ட்டும் போடணும்.

ஐப்பசி மழை வந்தாப் பிறகு பள்ளத்துல சேத்து உழவு. இங்கதான் இந்த மெசின் என்னைச் சந்தோசப்படுத்தினது.

டயருக்கு வெளியால இரும்புச் சில்லு பூட்டினன், ஊர்ல வெல்டிங் கடையில அளவு குடுத்து அடிச்சது. பெரிய மெசின் எங்கட பள்ளத்துல இறங்கினா போன தடத்துல முழங்கால் ஆழத்துக்குக் குழி கிடக்கும், ஒவ்வொரு வருசமும் அந்தக் குழி ஆழமாகி ஆழமாகி, அடியில இருக்கிற கட்டி மண் படை உடைஞ்சு, ரெண்டு கண்டத்துல தண்ணியே நிக்காமப் போயிட்டு. ஒரு போகம் முழுக்க தண்ணி கட்டிக்கிட்டே இருப்பம், விடிய பார்த்தா சேறு தெரியும். மாமாட மெசி ஒண்டரை டன்னுக்குக் கிட்ட, அதுக்குப் பிறகு வந்த மெசினெல்லாம் அதை விடப் பாரம், இது அந்த மெசிட பாதிக்குக் கொஞ்சம் மேல. போன தடத்துல கணுக்கால் ஆழந்தான் பதிஞ்சு இருக்கு. மூலைக்குக் கிட்டப் போய் ரொட்டவேட்டரைத் தூக்கி, ஒடிச்சுத் திரும்பி, பின்னுக்கு எடுத்து மூலைக்குள்ள விட்டு இறக்கினா, கொத்த வேண்டிய மண் ஒரு பாய் அளவு கூட மிஞ்சல்ல. 17 கண்டத்துக்கும் மூலை கொத்த எண்டு ஒரு ஆளும் பிடிக்கல்ல இந்த முறை. பின்னால பலகையைக் கட்டி இழுத்து மட்டம் பண்ணி, நானும் மனிசியும் முளை நெல்லு வீசினம்.

புதைஞ்சது மூண்டாம் நாள். வாய்க்கால் பக்கத்துக் கண்டத்துல ஒரு ஊத்து இருக்கு, அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் கிட்டப் போயிட்டன். இடது பின் சில்லு இறங்கிச்சு. டிஃப் லொக்கைப் போட்டன், கொஞ்சம் எழும்பிச்சு, அந்த நேரம் ஸ்டேரிங்கை வெட்டினன், அது பிழை, லொக் போட்ட நேரம் நேராத்தான் போகணும், ரெண்டு பின் சில்லும் ஒண்டாச் சுத்துதே, மெசின் திரும்பாம இன்னும் கீழ இறங்கி வயிறு சுரியில இருந்துட்டு.

அக்கம்பக்கத்து ஆக்கள் ஓடி வந்துட்டாங்க, எங்கட வட்டையில அந்த ஒற்றுமை இன்னும் இருக்கு. ஒராள் கட்டையைக் கொண்டு வந்து பின் சில்லுல சங்கிலியால கட்டச் சொன்னார், கட்டையை மிதிச்சு ஏறும் எண்டு. பழைய ஆக்கள் செய்யிற வேலைதான், ஆனா மாமாவே வேணாம் எண்டுட்டார். சில்லு சுத்த ஏலாமப் பிடிச்சுக்கிட்டா எஞ்சின்ட பலம் மெசின்ட முன் பக்கத்தைத் தூக்கி ஓட்டுற ஆளுக்கு மேல கவுத்துப் போடும், அவர் அப்பிடி ஒரு சாவைக் கண்ணால பார்த்தவர். நாங்க முதல்ல ரொட்டவேட்டரைக் கழட்டி இழுத்து வரம்புல போட்டம், இருநூறு கிலோ குறைஞ்சது. மறுகா நாலு சில்லுக்கும் பின்னுக்கு மண்வெட்டியால சரிவா வெட்டி, தென்னை மட்டையைக் குறுக்கால அடுக்கி, ஃபோர் வீல் போட்டு ஆகக் குறைஞ்ச ரிவர்ஸ்ல, வந்த தடத்தாலயே பின்னுக்கு எடுத்தன். முன்னுக்குப் போகப் பார்த்திருந்தா இன்னும் புதுச் சுரிக்குள்ளதான் போயிருப்பம். ஒண்டரை மணித்தியாலம். அஞ்சு ஆள் கையாலயே எடுத்தம், வேற மெசின் தேவைப்படல்ல, பெரிய மெசின் இப்பிடி வயிறு குந்தினா இன்னொரு பெரிய மெசின் வந்துதான் இழுக்கணும். மனிசி எல்லாருக்கும் தேத்தண்ணியும் சீனிச் சம்பலும் பாணும் கொண்டு வந்தா. இப்ப அந்த ஊத்தைச் சுத்தி நாலு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டியிருக்கன்.

சேத்து வேலை முடிஞ்ச ஒவ்வொரு பின்னேரமும் ஒரு மணித்தியாலம் மெசினுக்கு. இதுல கள்ளம் செஞ்சா ரெண்டு போகத்துல மெசின் போயிடும். கழுவி, தண்ணி வடிஞ்சாப் பிறகு முன் அச்சு நடுவுல இருக்கிற ஆணிக்கும் ஸ்டேரிங் முட்டிகளுக்கும் பழைய கிரீசும் சேறும் வெளிய வந்து புதுக் கிரீஸ் தெரியும் வரைக்கும் அடிக்கணும். ரொட்டவேட்டர் அச்சுட ரெண்டு நுனியிலயும் வைக்கோல், உரப்பை நூல், நைலோன் கயிறு எல்லாம் சுத்திக்கிட்டுக் கிடக்கும், அதைக் கத்தியால வெட்டி எடுங்க, விட்டா அது சீலுக்குள்ள அரைச்சுக்கிட்டுப் போய் தண்ணி உள்ள போக வழி செய்யும். தண்ணி போனா ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துல வரும். எனக்கு இன்னும் வரல்ல, கிழமைக்கு ஒருக்கா திறந்து பார்க்கிறன்.

புழுதி வேலையிலயும் ஒரு விசயம் நடந்தது, சூட்டு முள்ளு நடுவுக்கு மேல ஏறிச்சு. கூலண்ட் சரியா இருக்கு, பெல்ட் சரியா இருக்கு, பொனட்டைத் திறந்தா ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிற வலை முழுக்க வைக்கோல் தூசி பாய் மாதிரி ஒட்டிக்கிடக்கு. சின்ன மெசின், ரேடியேட்டரும் சின்னன், நிலத்துக்குக் கிட்ட இருக்கு, தூசி கூட இழுக்கும். வலையைக் கழட்டித் தட்டிப் போட்டாச் சரி. புழுதி நாள்ல ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா தட்டுறன், எயார் ஃபில்டரையும் பின்னேரம் பார்க்கிறன்.

50 மணித்தியாலத்துல முதல் சேவிஸ். எஞ்சின் ஒயில் கறுப்பா வந்தது, அது சரிதான், டீசல் எஞ்சின். கியர்பெட்டி ஒயில் வடிக்கிற ஆணியில இருக்கிற காந்தத்துல மயிர் போல இரும்புத் தூள் பிடிச்சிருந்தது, பயந்துட்டன். மெக்கானிக் தம்பி விரலால தேய்ச்சுப் பார்த்துட்டு, புதுப் பல்லு ஒண்டோட ஒண்டு பழகிறது அண்ணன், தூளா இருந்தாப் பயம் இல்ல, துண்டா இருந்தாத்தான் பயப்படணும் எண்டார். இதுக்காகத்தான் முதல் மாத்திறதைப் பிந்தவே கூடாது, அந்தத் தூள் ஒயிலோட ஹைட்ரோலிக் பம்புக்குள்ள சுத்தும். டீசல் ஃபில்டர் கிண்ணத்துலயும் தண்ணி ரெண்டு கரண்டி கிடந்தது, கேன்ல வாங்கி வைக்கிறதால வாறது. இப்ப கேனை ஒரு இரவு அசையாம வெச்சு, அடியில ரெண்டு இஞ்சியை விட்டுட்டு மேலால வடிகட்டித்தான் ஊத்துறன்.

மாமா சொன்னது எங்க சரியாப் போச்சு எண்டா பெட்டி, அதான் டிரெய்லர், இழுக்கிறதுல. பழைய பெட்டியைக் கொழுவி 20 மூட்டை நெல்லு ஏத்திப் பார்த்தன், இழுக்குது, அதுல பிரச்சினை இல்ல, நிக்கிறதுதான் பிரச்சினை. வாய்க்கால் கட்டுல இருந்து இறங்கக்குள்ள பிரேக்கைப் பிடிச்சாலும் பெட்டி மெசினைப் பின்னால இருந்து தள்ளிக்கிட்டு வருது. இறங்கி எட்டு மூட்டையைக் கீழ போட்டுட்டுத்தான் போனன். இனி 12 மூட்டைக்கு மேல இல்ல, இறக்கத்துல கியரை முதல்லயே குறைச்சுப் போட்டுத்தான் இறங்கிறது, ரெண்டு பிரேக் பெடலையும் கொழுக்கியால ஒண்டாச் சேர்த்துத்தான் ரோட்டுல ஓடுறது. அறுவடைக்கு நெல்லு ஏத்த வாடகைப் பெட்டிதான் பிடிக்கணும். பத்து ஏக்கருக்கு மேல இருக்கிற ஆக்களும், புது நிலம் உடைக்கிற ஆக்களும் இந்த சைஸை எடுக்காதீங்க.

நேத்து மாமா, தள்ளு மகன் எண்டு ஏறி இருந்து வளவைச் சுத்தி ஒரு வட்டம் ஓட்டினார். இறங்கி ஒண்டும் சொல்லல்ல, முன் இரும்புக் கட்டியைத் தட்டிப் பார்த்துட்டு, இன்னும் ஒண்டு போடு எண்டார். இடம் இருக்கு, போடத்தான் போறன்.

இரும்புச் சில்லை இன்னும் கழட்டல்ல. நாளைக்கு விடிய வெள்ளண பக்கத்துக் கண்டத்து மாமிட முக்கால் ஏக்கரை அடிச்சுக் குடுக்கணும், ரெண்டு வருசமா மூலை கொத்த ஆள் கிடைக்காம அவ தனியா நிண்டு கொத்தினவ. டீசல் மட்டும் தாறன் புள்ள எண்டு சொன்னா, அதுவும் வேணாம் எண்டு சொல்லியிருக்கன்.